வலது கட்டைவிரல் யாருக்கு? வாள்சண்டைக் கட்டுப்பாடுகள் ஓர் ஒப்பீடு

கன்ட்ரோலரில் வலது கட்டைவிரலுக்கு இரண்டு எஜமானர்கள்: வலது ஸ்டிக்கும், முகப்பில் உள்ள நான்கு பட்டன்களும். இரண்டையும் ஒரே நேரத்தில் அது தொட முடியாது. ஆக்‌ஷன் அட்வென்ச்சர் கேமில் வாள்சண்டையை வடிவமைக்கும்போது எழும் சிக்கல்களில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது. விரலைக் கேமராவுக்குக் கொடுத்தால் வெட்ட விரல் இல்லை. வெட்டுக்குக் கொடுத்தால் முதுகுப்பக்கம் வருகிறவன் கண்ணில் படமாட்டான். 1998-இல் ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ எதிரியின் மீது பார்வையைப் பூட்டும் இஸட்-டார்கெட்டிங்கைக் கொண்டுவந்தது இந்தச் சிக்கலுக்கு வந்த பெரிய விடைகளில் ஒன்று. அதற்குப் பிறகு வந்த முறைகளை, விரலை எங்கே செலவழிக்கின்றன என்ற கேள்வியோடு பார்த்தால் எது எதற்குப் பொருந்தும் என்பது தெளிவாகிவிடும்.

தோள் பட்டனில் வாள்

2011-இல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ லேசான வெட்டைக் கன்ட்ரோலரின் வலது தோளிலுள்ள ஆர்1-லும் பலமான வெட்டை ஆர்2-லும் வைத்தது. ஆள்காட்டி விரல் வெட்டுகிறது, கட்டைவிரல் கேமராவிலேயே இருக்கிறது. இதற்கு விலை, வெட்டில் வகை குறைவு. ஆனால் கையில் உடனே ஒட்டிக்கொள்கிறது.

இதிலும் ஒரு முள் உண்டு. உருண்டு தப்புவதும் ஓடுவதும் ஒரே வட்ட பட்டன்: தட்டினால் உருளல், பிடித்தால் ஓட்டம். அழுத்திய கணத்தில் எது வேண்டும் என்று கேமுக்குத் தெரியாது என்பதால் விரலை எடுத்த பிறகுதான் உருளல் தொடங்கும். சாதாரணத் தட்டலுக்கு 80 முதல் 100 மில்லிசெகண்ட் ஆகும் என்று வைத்தாலும், நொடிக்கு 60 ஃபிரேம் (படச்சட்டம்) கணக்கில் 5, 6 ஃபிரேம் போயிற்று. “அழுத்தினேன், உருளவில்லை” என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ‘டார்க் சோல்ஸ்’ செய்த அதே ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2019-இல் ‘செகிரோ’வில் இதை மாற்றியது. அழுத்தியதும் விலகல், தொடர்ந்து பிடித்தால் அந்த விலகலே ஓட்டமாக நீள்கிறது. புதிதாகச் செய்கிறவர்கள் இரண்டாவது வழியையே எடுக்கலாம். உயிர் காக்கும் எந்தச் செயலும் பட்டன் இறங்கும் கணத்தில் தொடங்க வேண்டும்.

தடுப்பிலும் இதே இரண்டு கேம்களை அருகருகே வையுங்கள். ‘டார்க் சோல்ஸ்’ பேரிக்கு (வரும் வெட்டைத் தட்டிவிடுவதற்கு) இடது தோளின் எல்2-இல் தனி அசைவு வைத்திருக்கிறது. தவறினால் முழு அடியும் உடம்பில் விழும், அதனால் பலர் அதைக் கற்றுக்கொள்ளவே துணிவதில்லை. ‘செகிரோ’வில் எல்1 அழுத்தும்போது டிஃப்ளெக்ட் (வெட்டைத் திருப்பிவிடும்) வாய்ப்பு திறக்கிறது, பிடித்தே இருந்தால் அதுவே சாதாரணத் தடுப்பு. சற்று முன்னதாக அழுத்தியவருக்குத் தண்டனை சிறியது. பதற்றத்தில் தொடர்ந்து தட்டினால் வாய்ப்பின் நீளம் சுருங்கும், எனவே சும்மா தட்டிக்கொண்டே தப்பிக்கவும் முடியாது. இந்த வாய்ப்புக்கு ஆரம்ப அளவாக 60 ஃபிரேம் கேமில் 10 முதல் 12 ஃபிரேம் வைத்து, சோதித்துக் குறைக்கலாம். ‘மெட்டல் கியர் ரைசிங்’ (2013) பேரியை இடது ஸ்டிக்கை எதிரிப் பக்கம் தள்ளி லேசான வெட்டை அழுத்துவதாக வைத்தது. தாக்குதல் மனநிலை கெடாமல் தடுக்க முடிவது அதன் அழகு. ஆனால் ‘எதிரிப் பக்கம்’ என்பது கேமரா திரும்பினால் மாறிவிடும். அடி வரும் நேரத்தில் கேமரா சுவரில் முட்டித் திரும்பினால் போச்சு.

அடுத்தது பஃபர், அதாவது முன்கூட்டியே விழுந்த அழுத்தத்தைக் கேம் நினைவில் வைத்திருக்கும் நேரம். வெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது விழும் அழுத்தத்தை நினைவில் வைக்காவிட்டால் பட்டன் ‘விழுங்கப்பட்டது’ போல இருக்கும். அதிக நேரம் வைத்தால் அடி வாங்கி எழுந்த பிறகு, யாரும் கேட்காத உருளல் ஒன்று வரும். 8 முதல் 12 ஃபிரேம் பெரும்பாலும் போதும். கடைசியாக அழுத்தியதே செல்லும், தடுப்பு மட்டும் வெட்டை எப்போதும் முந்தும், அடிபட்டால் பஃபர் காலி: இந்த மூன்று விதிகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். வாள் படும்போது 3 முதல் 5 ஃபிரேம் படத்தை நிறுத்தும் ஹிட்ஸ்டாப் வைத்திருந்தால் அந்த நேரத்தில் பஃபர் கடிகாரமும் நிற்க வேண்டும். இது விடுபட்டால், வெறும் காற்றில் வெட்டும்போது சரியாக வரும் காம்போ (தொடர் வெட்டு) எதிரி மேல் வெட்டும்போது மட்டும் அறுபடும். ஹிட்ஸ்டாப்பைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாததால் தேடிக் கண்டுபிடிக்க நேரமெடுக்கும் பிழை இது.

திசை பார்த்து வெட்டுவது

‘மவுன்ட் அண்ட் பிளேட்’ (2008) மவுஸ் நகரும் திசையை வெட்டின் திசையாக எடுத்துக்கொண்டது. ‘ஃபார் ஹானர்’ (2017) அதை வலது ஸ்டிக்குக்குக் கொண்டுவந்து மேல், இடம், வலம் என மூன்றாகச் சுருக்கியது. கட்டைவிரல் இப்போது வாளின் நிலையில் இருக்கிறது, கேமராவை லாக்-ஆன் (எதிரி மீதான பார்வைப் பூட்டு) பார்த்துக்கொள்கிறது, வெட்டு ஆர்1, ஆர்2-வில். ஒருவனுக்கு ஒருவன் என்றால் இதைவிடச் சுவையான ஏற்பாடு கிடையாது. இரண்டாவது ஆள் நுழைந்ததும் ஆட்டம் கலைகிறது. பலரிடம் மாட்டியவருக்கு ‘ரிவெஞ்ச்’ என்ற கூடுதல் பலத்தை அந்தக் கேம் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்ததை, கட்டுப்பாட்டால் மட்டும் சமாளிக்க முடியவில்லை என்பதற்கான ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

திசைக்கு அர்த்தம் வருவது எதிரி அதைப் படித்தால்தான். ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ (2018) ஐந்து திசைகளும் ஒரு குத்தும் கொடுத்தது. ஆனால் சரியான கணத்தில் தடுப்பை அழுத்தினால் கிடைக்கும் மாஸ்டர் ஸ்ட்ரைக் என்ற எதிர்வெட்டு, வெட்டு எந்தத் திசையில் வந்தது என்று கேட்கவே இல்லை. விளைவு, திறமை ஏற ஏற ஆட்டக்காரர்கள் வெட்டுவதை விட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகினார்கள். 2025-இல் வந்த இரண்டாம் பாகம் திசைகளை நான்காகக் குறைத்தது, மாஸ்டர் ஸ்ட்ரைக்குக்கு எதிர்த்திசையைப் பிடிக்கச் சொன்னது. திசைகளைக் குறைத்தபோதுதான் திசைக்கு மதிப்பு கூடியது.

ஸ்டிக்கைப் படிப்பதில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் நுணுக்கமானவை. சிறு அசைவைக் கேம் கண்டுகொள்ளாத நடுப்பகுதியான டெட் சோனைத் தாண்டிய முதல் ஃபிரேமிலேயே திசையைத் தீர்மானித்தால் பாதி தவறாகும். ஸ்டிக் 60, 70 சதவீத தூரம் போகும்வரை காத்திருங்கள். ஒரு திசைப் பகுதியிலிருந்து அடுத்ததற்கு மாற, எல்லையை 8, 10 டிகிரி தாண்ட வேண்டும் என்று வையுங்கள், இல்லையேல் எல்லைக்கோட்டில் வாள் நடுங்கும். விரலைச் சட்டென எடுத்தால் ஸ்பிரிங் வேகத்தில் ஸ்டிக் நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கம் துள்ளும். நடுவுக்கு வந்த பின் 3, 4 ஃபிரேம் வாசிப்பை நிறுத்தினால் அந்தப் பேய்த்திசை வராது. இன்னொன்று: வலது கட்டைவிரல் ‘மேலே’ என்று தள்ளும்போது பலருக்கு அது சற்று இடப்பக்கமாகச் சாய்கிறது. சோதிப்பவர்களின் ஸ்டிக் கோணங்களைப் பதிவுசெய்து பார்த்து, அதற்கேற்ப முழு வட்டத்தையும் சுழற்றிவிடலாம்.

வேகத்திலும் ஒரு தரை இருக்கிறது. ஒரே ஒரு ஒளி மாற்றத்துக்குப் பட்டன் அழுத்தவே மனிதருக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிசெகண்ட் வேண்டும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அதைக் கூட்டும், தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு போடாத டிவி மேலும் கூட்டும். எதிரியின் திசை வெட்டு 400 மில்லிசெகண்டுக்குக் கீழே போனால் ஆட்டக்காரர் படிப்பதை விட்டு ஊகிக்கத் தொடங்கிவிடுவார்.

கையை வீசுவது

வீ கன்சோலுக்கு 2006-இல் வந்த ‘ட்விலைட் பிரின்சஸ்’ கை எப்படி ஆடினாலும் ஒரு வெட்டு என்று எடுத்துக்கொண்டது. அது பட்டனுக்குப் பதில் மணிக்கட்டு, அவ்வளவுதான். 2011-இன் ‘ஸ்கைவர்ட் ஸ்வார்ட்’ மோஷன்பிளஸ் என்ற அசைவு உணரி வழியாக எட்டுத் திசைகளையும் குத்தையும் உண்மையாகவே படித்தது. கிராஹிம் என்ற எதிரி ஆட்டக்காரரின் வாள் இருக்கும் பக்கத்தைப் பார்த்து, அந்தப் பக்கமிருந்து வரும் வெட்டைக் கையாலேயே பிடித்துவிடுவான். எதிரி திசையைப் படிப்பது என்றால் இதுதான்.

இடறும் இடம் ஓங்கல். இடமிருந்து வலம் வெட்ட, கையை முதலில் இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும். அந்த ஓங்கலையே கேம் வெட்டாகப் படித்துவிடும். மெதுவான அசைவு வாளின் நிலையை மட்டும் மாற்ற, வேகமானது மட்டுமே வெட்டாக, ஒரு வெட்டுக்குப் பின் 150 முதல் 200 மில்லிசெகண்ட் எதிர்த்திசை அசைவு கணக்கில் வராமல் இருந்தால் பெரும்பாலும் சரியாகும். கைரோ உணரியின் கணக்கு மெல்ல விலகிப்போகும் என்பதால், வாளை மீண்டும் நடுநிலைக்குக் கொண்டுவரும் பட்டன் தவிர்க்க முடியாதது. எதிரியின் கேடயத்தில் வாள் நின்றும் கை நிற்காமல் போவதற்கோ மருந்தே இல்லை. 2021-இல் ஸ்விட்சுக்கு வந்த ஹெச்டி பதிப்பு வலது ஸ்டிக்கால் வெட்டும் வழியைச் சேர்த்தது. அதில் கேமராவைத் திருப்ப எல் பட்டனைப் பிடிக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அதே கட்டைவிரல்!

நிலை மாற்றுவது

‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ (2020) தேர்வை ஒவ்வொரு வெட்டிலிருந்தும் எடுத்து, எதிரியின் வகைக்கு நகர்த்தியது. ஆர்2-வைப் பிடித்து ஒரு முகப்பு பட்டன்: வாள்காரனுக்குக் கல் நிலை, கேடயக்காரனுக்கு நீர், ஈட்டிக்குக் காற்று, தடியனுக்கு நிலவு. கூட்டத்தைச் சமாளிக்க அருமை. ஆனால் சில மணி நேரத்தில் அது பூட்டுக்குச் சாவி தேடும் வேலையாகிவிடுகிறது. ‘நியோ’வின் (2017) மேல், நடு, கீழ் நிலைகளில் சேதம், தடுப்பு, விலகல் என்று ஒவ்வொன்றும் ஒரு குணம், எந்த எதிரிக்கு எது என்று கேம் சொல்வதில்லை. ஆழம் வேண்டுமென்றால் ‘நியோ’ வழிதான்.

சுஷிமாவில் வெட்டு முகப்பு பட்டனில் இருந்தது, கேம் வெளியானபோது லாக்-ஆன் இல்லை. 2021-இல்தான் அதைச் சேர்த்தார்கள். அதுவரை சுமையைத் தாங்கியது இலக்கைத் தானே தேர்வதுதான், எந்த முறையானாலும் இது நன்றாக அமைய வேண்டும். இடது ஸ்டிக் காட்டும் திசையிலிருந்து இருபக்கமும் 45 டிகிரிக்குள் கோணத்தால் நெருங்கியவரைத் தேர்ந்தெடுங்கள். தூரம் இரண்டாம் பட்சம். காம்போ நடுவில் ஸ்டிக் 60 டிகிரிக்கு மேல் விலகினால் மட்டுமே இலக்கு மாறட்டும். எதிரியை நோக்கி உடல் தானாக நகர்வது 1.5 மீட்டருக்குள் இருக்கட்டும், மிஞ்சினால் கால் தரையில் வழுக்குவது தெரியும். உடல் திரும்புவதை வெட்டின் தொடக்க ஃபிரேம்களோடு நிறுத்துங்கள். வாள் இறங்கும்போதும் திரும்பிக்கொண்டிருந்தால் விலகிய எதிரியும் வெட்டுப்படுவான். எதிரிக்கும் இதே விதி. அவன் மட்டும் கடைசிவரை திரும்பினால் ஆட்டக்காரர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார், அது நியாயமும்கூட.

மூன்று முதல் ஐந்து எதிரிகள் சேர்ந்து வரும் சாகசக் கேமுக்கு, தோள் பட்டன் வெட்டு, அழுத்தியதும் திறக்கும் எல்1 தடுப்பு, தானியங்கி இலக்கு, அதன்மேல் வேண்டுமானால் நியோ பாணி நிலைகள். இதுவே பாதுகாப்பான அடித்தளம். தனியாள் மோதல்தான் கேமின் உயிர் என்றால் மூன்று திசை, அதற்கு மேல் வேண்டாம். கை வீசுவதைச் சாதாரணக் கன்சோல் கேமில் முதன்மை முறையாக வைக்கப் பெரிய காரணம் இல்லை.

எதைத் தேர்ந்தாலும், கதாபாத்திரம் வெறும் உருளையாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள். நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போன் கேமராவில் விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படமெடுத்து, பட்டன் இறங்கியதிலிருந்து உருளை அசையும்வரை எண்ணினால், ஒவ்வொரு ஃபிரேமும் சுமார் 4 மில்லிசெகண்ட். தடுப்புக்கு இது 100 மில்லிசெகண்டைத் தாண்டினால் அனிமேஷனைத் தொடுவதற்கு முன் முதலில் டிவியின் கேம் மோடு, பிறகு படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் வி-சிங்க், அதன் பிறகு பட்டனை எந்த அப்டேட்டில் படிக்கிறீர்கள் என்று வரிசையாகப் பாருங்கள்.