ஒப்பந்தம் முடியப்போகும் வீரரை ட்ரேட் பண்ணலாமா? ஃபேன்டஸி லீக்கில் சில சீசன் அனுபவம்

தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, எங்க குரூப்ல பத்துப் பேர் இருக்கோம். வர்ற சீசன் கான்ட்ராக்ட் லீக் போடலாமா? கான்ட்ராக்ட் முடியப்போற ப்ளேயரை ட்ரேட் பண்றதெல்லாம் சரிவருமா?" வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபேன்டஸி லீக் என்றால் நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை டீம் அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு. கான்ட்ராக்ட் லீக்கில் அந்த வீரர்களை ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம் போட்டு வைத்திருப்போம். நம்முடைய அமைப்பு இவ்வளவுதான்: இங்கிலாந்து பிரிமியர் லீக், பத்து டீம், டீமுக்கு 18 பேர், சம்பள வரம்பு (ஒரு டீமின் மொத்தச் சம்பளம் தாண்டக் கூடாத தொகை) 200 மில்லியன். ஏலத்தில் எடுத்தவுடன் 1 முதல் 3 ஆண்டு வரை ஒப்பந்தம் போட வேண்டும். சீசன் முடிவில் ஒவ்வொரு டீமும் ஒரேயொரு வீரரை 25 சதவீதம் கூடுதல் சம்பளத்தில் ஓர் ஆண்டுக்கு நீடிக்கலாம். மற்றவர்கள் ஓகஸ்ட் ஏலத்துக்குப் போய்விடுவார்கள். டீம்களுக்கிடையே வீரர்களை மாற்றும் ட்ரேட் கதவு ஜனவரிக் கடைசியில் மூடும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சாதாரண லீக்கில் நத்தார் கழிந்ததும் கடைசி மூன்று டீம்காரரும் லைன்அப் (அந்த வாரம் ஆடும் வீரர் பட்டியல்) போடுவதையே விட்டுவிடுவார்கள். ஒப்பந்த முறையில் அப்படி நடப்பதில்லை. பத்தாம் இடத்தில் இருப்பவரிடம்தான் அந்த நேரத்தில் விற்கச் சரக்கு இருக்கும். அவர் கையில் உள்ள முடியப்போகும் நட்சத்திரம் அடுத்த ஆண்டு அவருக்கு உதவாது, முதலிடத்துக்கு ஓடுகிறவருக்கோ இப்போதே வேண்டும். தைப்பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து ஊருக்கு வந்தவர்கள் ஹட்டன் டவுனில் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டே பேரம் பேசுவதைப் பார்த்தால், இந்த முறையைக் கண்டுபிடித்தவரைக் கும்பிடத் தோன்றும்.

விலை போடுவது கஷ்டமில்லை, ஆனால் பலர் போடுவதே இல்லை. 22 வாரம் முடிந்துவிட்டது, 16 வாரம் மீதி என்று வையுங்கள். வீரர் ஆட்டத்துக்குச் சராசரி 6 புள்ளி எடுக்கிறார். அதே இடத்துக்கு ஃப்ரீ ஏஜென்டாக (எந்த டீமிலும் இல்லாதவராக) கிடைப்பவர் 3.5 எடுக்கிறார். வித்தியாசம் 2.5, பதினாறால் பெருக்கினால் 40 புள்ளி. வாங்குகிறவருக்கு அந்த வீரரின் பெறுமதி அந்த 40 மட்டுமே. காயம், ஆபிரிக்கக் கிண்ணம் (ஆபிரிக்க நாட்டு அணிகளின் போட்டி) போன்றவற்றால் போகும் வாரங்களை அதிலிருந்து கழிக்க வேண்டும். 2025 டிசம்பர் 21 முதல் 2026 ஜனவரி 18 வரை மொரோக்கோவில் அந்தக் கிண்ணம் நடந்தது. அப்படிப்பட்ட சீசனில் எகிப்து, செனகல் வீரர்களை வாங்குகிறவர் முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். சம்பளத்தையும் மீதி வாரக் கணக்கில்தான் மாற்ற வேண்டும்: 14 மில்லியன் வீரர் என்றால் 14 × 16 ÷ 38, ஏறக்குறைய 5.9 மில்லியன். முழு 14-ஐயும் வாங்குகிறவர் தலையில் ஏற்றினால் வரம்பில் இடம் இல்லாமல் பாதி ட்ரேட் அங்கேயே நின்றுவிடும்.

லீக்கில் நாம் போட்ட ஒப்பந்தம் வேறு, வீரர் தன் கழகத்தோடு போட்ட ஒப்பந்தம் வேறு. இரண்டும் ஒரே ஜூனில் முடிந்தால்தான் ஆபத்து. 2024/25 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். சலாஹ், வேன் டைக், ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னல்ட், டி ப்ருய்ன் நான்கு பேருக்கும் கழக ஒப்பந்தம் அந்த ஜூனில் முடிய இருந்தது. கடைசி ஆறு மாதத்தில் இருக்கும் வீரர் ஜனவரி 1 முதல் வெளிநாட்டுக் கழகத்தோடு முன்கூட்டியே ஒப்பந்தம் பேசலாம். அதனால் ஜனவரியில் நான்கு பேருக்கும் நீடிப்பு உரிமை (சீசன் முடிவில் அவரை நம் டீமில் நீடிக்கும் உரிமை) மலிவாகத்தான் போகும். ஏப்ரலில் சலாஹும் வேன் டைக்கும் லிவர்பூலிலேயே கையெழுத்துப் போட்டார்கள். டி ப்ருய்ன் நாபோலிக்குப் போனார், ட்ரென்ட் ரியல் மெட்ரிட்டுக்குப் போனார். பிரிமியர் லீக்கை விட்டுப் போனவரின் உரிமைக்கு ஐந்து சதமும் பெறுமதி இல்லை. சலாஹ் அந்த சீசனில் 29 கோல், 18 அசிஸ்ட். அவருடைய உரிமையை யாராவது சும்மா கொடுத்திருந்தால் அடுத்த ஏலம் வரை தூக்கம் வந்திருக்காது.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். ஒப்பந்தம் முடியப்போகும் வீரர் கை மாறினால், அவரை நீடிக்கும் உரிமை யாருக்கு? விற்றவருக்கா, வாங்கியவருக்கா? இந்த ஒரு கேள்விக்கு நாம் பயன்படுத்தும் தளத்தில் இடமே கிடையாது. ட்ரேட் படிவத்தில் வீரர் போடலாம், ட்ராஃப்ட் பிக் (ஏலமில்லாத லீக்கில் வரிசைப்படி வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) போடலாம், ஏலப் பணம் போடலாம். உரிமை என்று ஒரு கட்டம் இல்லை. ஒப்பந்தம் வீரரின் பெயருக்குப் பக்கத்தில் வெறும் ஆண்டாக மட்டுமே பதிவாகிறது. புதிய சீசனுக்கு மாற்றும் பொத்தானை அழுத்தியதும், அந்த ஆண்டோடு முடிகிற எல்லோரும் ஒரே நொடியில் ஃப்ரீ ஏஜென்ட் பட்டியலுக்குப் போகிறார்கள், சம்பளமும் அழிந்துவிடுகிறது. யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சாது. இதைப் பல தடவை எழுதிக் கேட்டாயிற்று. "உங்கள் கருத்துக்கு நன்றி" என்பதற்கு மேல் பதில் இல்லை. காசு வாங்கும் தளம் இப்படி இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நியாயமாகச் சொன்னால் மற்ற எல்லாம் நன்றாகவே வேலை செய்கிறது. மஸ்கெலியாப் பள்ளத்தில் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் லைன்அப் பக்கம் திறக்கும், புள்ளிகளும் உடனுக்குடன் ஏறும்.

இதற்கு நாம் செய்யும் மாற்று வழி: லீக் ஏலத்தில் நடப்பதால் ட்ராஃப்ட் பிக் வேறு எதற்கும் தேவையில்லை. ஆகவே அதையே உரிமைச் சீட்டாக வைத்துக்கொள்ளலாம். அமைப்பில் அடுத்த ஆண்டுக்கு ஐந்து ரவுண்ட் பிக்கைத் திறந்துவிடுங்கள். டீமில் முடியப்போகும் வீரர்களை, ஐந்து பேருக்கு மேல் போகாமல், சம்பள வரிசையில் அடுக்கி முதல் ஆளுக்கு முதல் ரவுண்ட், இரண்டாம் ஆளுக்கு இரண்டாம் ரவுண்ட் என்று கூகுள் ஷீட்டில் எழுதிப் பூட்டுங்கள். வீரரோடு உரிமையும் போகிறதென்றால் அந்தப் பிக்கையும் அதே ட்ரேட்டில் போட வேண்டும். பிக் யாரிடமோ உரிமையும் அவரிடம். வாங்கியவர் அந்த வீரரை மூன்றாம் ஆளுக்கு மாற்றும்போது பிக்கை மறந்துவிடுவதுதான் வழக்கமாக வரும் கோளாறு. வீரர் ஒருவரிடம், உரிமை இன்னொருவரிடம் என்று ஜூனில் சண்டை வரும்.

குரூப்பில் போடும் பேரத்தையும் குரல் பதிவாக விடாமல் எழுத்தில் போட வைக்க வேண்டும். இப்படி: "சலாஹ், சம்பளம் 14, முடிவு ஜூன். மீதி 5.9 வாங்குபவர் கணக்கில். நீடிப்பு உரிமை: வாங்குபவருக்கு. பிக்: முதல் ரவுண்ட்." கடைசி இரண்டு வரி இல்லாவிட்டால் நிர்வாகி ட்ரேட்டை ஏற்கக் கூடாது.

என் தனிப்பட்ட அபிப்பிராயம், உரிமை எப்போதும் வீரரோடேயே போக வேண்டும். விற்றவரே உரிமையை வைத்துக்கொள்ள விட்டால், கடைசி இடத்துக்காரர் தன் நட்சத்திரத்தை மச்சானின் டீமுக்கு நான்கு மாதம் வாடகைக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு இளம் வீரரையும் வாங்கிக்கொண்டு, ஓகஸ்டில் அவரைத் திரும்பவும் எடுத்துக்கொள்வார். வாக்கெடுப்பில் நிறுத்தலாம் என்றால், சொந்தக்காரர் நிறைந்த லீக்கில் வாக்கு எந்தப் பக்கம் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

நேர விஷயம் சின்னது, ஆனாலும் கடிக்கும். ட்ரேட் ஏற்ற பிறகு 24 மணி நேரம் மற்றவர்களின் பார்வைக்கு இருக்கும், அதன் பிறகே முடியும். இங்கிலாந்தில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னால் தள்ளுவார்கள், நாம் தள்ளுவதில்லை. சனிக்கிழமை முதல் ஆட்டம் செப்டெம்பரில் நமக்கு மாலை 5.00, ஜனவரியில் 6.00. வெள்ளி மாலை ஐந்தரைக்கு ஏற்ற ட்ரேட் ஜனவரியில் ஆட்டத்துக்கு முன் முடிந்துவிடும், செப்டெம்பரில் முடியாது. நீடிப்பு அறிவிக்கும் கடைசி நாளை ஜூன் 30 என்று வைக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் கரன்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? கடைசி ஆட்டம் முடிந்து ஏழு நாள் என்று வைத்தால் ஜூன் முதல் வாரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

ஆக தம்பி, இவ்வளவு புகழ்ந்த பிறகும் என் பதில்: வருகிற சீசனில் கான்ட்ராக்ட் லீக் போடாதீர்கள். ஜனவரி பேரம் தருகிற சந்தோஷத்தை ஜூன் சண்டை முழுதாகத் தின்றுவிடுகிறது. தளம் அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்கும்வரை இரண்டு வீரரைத் தக்கவைக்கும் சாதாரண ட்ராஃப்ட் லீக்கே போதும். இல்லை, போட்டே ஆக வேண்டும் என்றால், உரிமை வீரரோடு போகும் என்ற விதியையும் மேல் சொன்ன கடைசி நாளையும் குரூப்பில் எழுதிப் பின் பண்ணிவையுங்கள். பத்துப் பேரும் "சரி" என்று பதில் போடாமல் முதல் பெயரை ஏலத்துக்கு எடுக்காதீர்கள்.