பேட்டரி மேல் பழி போட்டு 14,000 ரூபாய் கறந்துவிட்டார்கள்

சோலாரில் டிசி ஃபேன் ஓட்டப் போகிறவர்கள் வேலைக்கு ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டம். மோட்டார் சர்வீஸிலிருந்து ஆட்டுக் கொட்டகைக்குக் கரண்ட் இழுக்கக் கூடாது என்பதால் 12 வோல்ட் ஃபேன் மூன்று போட்டேன், ஒவ்வொன்றும் 24 வாட். பேனலும் பேட்டரியும் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில். அங்கிருந்து கொட்டகைக்கு 35 மீட்டர் ஒயர். பில்லில் '2.5 ஸ்கொயர் காப்பர்', அதாவது குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் உள்ள செம்பு ஒயர் என்று போட்டிருந்தார்கள்.

முதல் நாளே ஃபேன் இறக்கையை எண்ணிவிடலாம் போலத்தான் சுற்றியது. ஒயர் இழுத்துக் கொடுத்தவர் வந்து பார்த்துவிட்டு, "பேட்டரி வீக்குங்ணா, இன்னொன்னு சேத்திக்கலாம்" என்றார். 14,000 போயிற்று, ஃபேன் அப்படியேதான் இருந்தது. அடுத்து பேனல் பத்தாது என்றார். ஒயரில் ஏதும் இருக்குமோ என்று கேட்டதற்கு, ஃபேனையெல்லாம் ஆஃப் செய்துவிட்டுக் கொட்டகை முனையில் மீட்டரை வைத்தார். 12.6 காட்டியது. "பாத்தீங்ளா, ஒயர் சுத்தம்." நானும் தலையாட்டினேன்.

ஏமாந்தது அங்கேதான். கரண்ட் ஓடாத ஒயரில் வோல்டேஜ் இறங்கவே இறங்காது. கேட்வால்வை மூடி வைத்துக்கொண்டு பைப்பில் பிரஷர் இருக்கிறது என்று காட்டுகிற வித்தை அது.

லீவுக்கு வந்த மச்சினர் பையன், ஐடிஐ படிக்கிறவன், ஃபேன் ஓடும்போதே அளந்தான். பேட்டரியில் 12.5, கொட்டகையில் 8.8. நடுவில் 3.7 வோல்ட்டை ஒயரே தின்றிருக்கிறது. வீட்டுக்கரண்ட் 230 வோல்ட்டில் இது ஒன்றுமே இல்லை. 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. வீட்டு வயரிங் பழக்கத்தில் டிசிக்கு ஒயர் இழுப்பவர்கள் தப்பு செய்வது இதில்தான்.

அவன் போட்ட கணக்கு இது: போக வர இரண்டு ஒயர் என்பதால் நீளத்தை இரண்டால் பெருக்கி, ஆம்பியரால் (மூன்று ஃபேனுக்கும் 72 வாட் ÷ 12 வோல்ட் = 6) பெருக்கி, செம்பின் தடை எண்ணான 0.0175 ஆல் பெருக்கி, ஒயரின் ஸ்கொயர் எம்.எம்.மால் வகுக்க வேண்டும். எங்களுக்கு 70 × 6 × 0.0175 ÷ 2.5 = 2.94 வோல்ட். நல்ல செம்பாக இருந்திருந்தாலும் இந்த ஒயர் தாங்கியிருக்காது. 3 சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் இறக்கம் நிற்க வேண்டுமென்றால் 20 ஸ்கொயருக்கு மேல் வேண்டும்!

ஆனால் மீட்டர் 3.7 காட்டியதே? ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கரண்டும் குறையும், இறக்கம் 2.94-க்குக் கீழேதான் வந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்து ஒரு இழையை பிளேடால் சுரண்டினோம். உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். தோல் உரித்த ஒரு மீட்டரைத் தட்டார் கடைத் தராசில் வைத்தால் 9 கிராம். சுத்தச் செம்பு 2.5 ஸ்கொயர் என்றால் 22 கிராம் இருக்க வேண்டும்.

ஒயர் இழுத்தவருக்குப் போன் செய்தேன். "கடைக்காரன் குடுத்ததுங்ணா" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

பேனலையும் பழைய பேட்டரியையும் கொட்டகைக்கே கொண்டுபோய், 6 மீட்டருக்கு நல்ல 4 ஸ்கொயர் செம்பு போட்டோம். இறக்கம் 0.3 வோல்ட். மூன்று ஃபேனும் பிய்த்துக்கொண்டு சுற்றுகின்றன. 'வீக்' என்று சொன்ன அந்தப் பேட்டரிதான் ஓட்டுகிறது. புதுசு சாளைத் திண்ணையில் சும்மா கிடக்கிறது.