மியான்மரைக் காட்டாது, குவாரியைக் காட்டும்: வீட்டு முடுக்கமானி அனுபவம்

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையில் ஓடும் ஒரு சின்ன நில அதிர்வுக் கருவி சில வருஷமாக இயங்குகிறது. உள்ளே நாலு உணரிகள்: மேலும் கீழுமான அசைவுக்கு ஒரு ஜியோபோன், மூன்று திசைக்கும் மூன்று முடுக்கமானிகள். வாங்கலாமா என்று விசாரிப்பவர்கள் பெரும்பாலும் முடுக்கமானியைத்தான் கேட்கிறார்கள். "2004 மாதிரி ஒன்று வந்தால் அதில் தெரியும்தானே?" குளச்சலும் கொட்டில்பாடும் பட்ட பாட்டைப் பார்த்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? ஆனால் சுனாமி எச்சரிக்கை ஹைதராபாத்தில் இருக்கும் மையத்தின் வேலை; 2007லிருந்து அது நடக்கிறது. என் வீட்டுப் பெட்டி அதற்கானது இல்லை.

முடுக்கமானிச் சில்லுக்குள் ஒரு நுண்ணிய சிலிக்கான் துண்டு, மெல்லிய சிலிக்கான் வில்களில் தொங்குகிறது. இரண்டு சீப்புகளைப் பல்லுக்குப் பல் கோத்தது போல, அந்தத் துண்டின் பற்களும் சட்டத்தின் பற்களும் தொடாமல் நிற்கும். தரை உதைத்தால் சட்டம் உடனே நகரும், துண்டு கொஞ்சம் பின்தங்கும். பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி மாறும், மின்தேக்குத்திறனும் மாறும். அந்த மாற்றம்தான் முடுக்கமாகப் பதிவாகிறது. போனில் இருப்பதும் இதே வகைதான். மேஜையில் சும்மா கிடக்கும்போதே அது 9.8 மீ/வி² காட்டும், புவியீர்ப்பைத் தாங்கிக்கொண்டிருப்பதால். மெத்தை மேல் தூக்கிப் போட்டால் அந்தரத்தில் இருக்கும் நேரம் கிட்டத்தட்ட பூஜ்யம். (செய்து பார்ப்பதானால் பழைய போனில் செய்யுங்கள்.)

ஜியோபோனின் கதை வேறு. காந்தத்தைச் சுற்றி வில்லில் தொங்கும் கம்பிச்சுருள். தரை எவ்வளவு வேகமாக அசைகிறதோ அவ்வளவு மின்னழுத்தம். முடுக்கம் இல்லை, திசைவேகம்.

2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவு நிலநடுக்கம். நம் நேரப்படி முற்பகல் 11.50. சுமார் 2,500 கிலோமீட்டர் தாண்டி, ஐந்து நிமிடம் போல ஆனதும் முதன்மை அலை (முதலில் வந்துசேரும் வேகமான அலை) இங்கே வந்து ஜியோபோன் கோட்டைப் படபடவென்று ஆட்டியது. முடுக்கமானியின் மூன்று கோடுகளும் எப்போதும் போல மந்தமான இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தன. கருவி பழுது என்று நினைக்க வேண்டாம், கணக்கே அப்படித்தான். தூரத்து நிலநடுக்கத்தின் மேற்பரப்பு அலையில், 20 வினாடிக்கு ஒரு முறை, தரை நடுநிலையிலிருந்து 1 மி.மீ. ஏறி இறங்குகிறது என்று வையுங்கள். உச்ச முடுக்கம் 0.1 மி.மீ./வி², அதாவது புவியீர்ப்பில் லட்சத்தில் ஒரு பங்கு. சில்லின் சொந்த மின் இரைச்சலே இதை விழுங்கிவிடும். இவ்வளவு மெதுவான அலையைச் சின்ன ஜியோபோனும் சரியாகப் பிடிக்காது. அது பிடித்தது வினாடிக்கு ஒன்று இரண்டு முறை துடிக்கும் வேகமான பகுதியை.

இப்போது குவாரி வெடியை எடுத்துக்கொள்ளுங்கள். அசைவு 0.01 மி.மீ. மட்டுமே, ஆனால் வினாடிக்கு 10 முறை. முடுக்கம் கிட்டத்தட்ட 40 மி.மீ./வி². அசைவு நூறில் ஒரு பங்கு, முடுக்கம் நானூறு மடங்கு! எங்கள் வீட்டு முடுக்கமானி உருப்படியாகக் காட்டுவது இந்த மாதிரி அதிர்வுகளைத்தான்: வெடி, மண் ரோட்டில் குதித்துப்போகும் டாரஸ் லாரி, பக்கத்து வீட்டு அண்ணன் ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷின். ஆனி ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது ஜியோபோன் கோடு நாள் கணக்கில் மெல்ல அலைபாயும். முடுக்கமானிக்கு அது தெரியவே தெரியாது.

அதற்காக முடுக்கமானி வீண் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே பெரிய நடுக்கம் வந்தால் ஜியோபோன் உச்சவரம்பில் முட்டி, கோடு வெட்டுப்பட்டு நின்றுவிடும். அப்போது கணக்குச் சொல்வது முடுக்கமானிதான். 2011 பெரு நிலநடுக்கத்தில் ஜப்பானின் சுகிதாதே நிலையத்தில் பதிவானது புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அப்படிப்பட்ட ஆட்டத்தில்தான் கட்டட வடிவமைப்பாளருக்கு வேண்டிய உச்சத் தரைமுடுக்கம் கிடைக்கிறது. அந்தமானிலோ அசாமிலோ இருப்பவர் என்றால் யோசிக்காமல் நாலு உணரி உள்ளதை வாங்கலாம்.

வைக்கும் இடம் முக்கியம். தரைத்தளத்தில், காங்கிரீட் மேல், நீர்க்குமிழி பார்த்து மட்டமாக வையுங்கள். மாடியில் வைத்தால் தரையை அல்ல, கட்டடம் ஆடுவதை அளப்பீர்கள். மோட்டார், பிரிட்ஜ் பக்கம் வேண்டாம். அப்புறம் கரண்ட்: திடீரென்று போய்ப்போய் வந்தால் மெமரி கார்டு கெட்டுப்போகும், இன்வெர்ட்டர் லைனில் போடுவது நல்லது.

குவாரி வெடியால் சுவர் விரிகிறது என்று சந்தேகப்பட்டு வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இல் வகுத்த வரம்பு முடுக்கத்தில் இல்லை, திசைவேகத்தில் இருக்கிறது. சாதாரண வீடுகளுக்கு, 8 முதல் 25 ஹெர்ட்ஸ் வரையான அதிர்வில் வினாடிக்கு 10 மி.மீ.; அதற்குக் கீழான அதிர்வெண்ணில் 5. மேலே சொன்ன வெடி வினாடிக்கு 0.6 மி.மீ. சொச்சம்தான் வரும். ஆக இதற்கும் நேரடியாகப் பயன்படுவது ஜியோபோன் கோடுதான். அதை மனுவோடு இணைத்தால் கருவி சரியாக அளக்கிறது என்பதற்கான அளவுத்திருத்தச் சான்று எங்கே என்று கேட்பார்கள். எந்த நேரத்தில் எத்தனை வெடி என்று குறித்துவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துக்கு ஜியோபோன் மட்டும் உள்ள விலை குறைந்த வகையே போதும் என்பது என் கட்சி.