இரண்டரை வருடம் ஒரு யூஎஸ்பி-சி போர்ட் சால்டரிங் அயர்னோடு

தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகின் கேபினுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தேன். கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் எக்கோ சவுண்டரின் பவர் சாக்கெட்டில் டிரை சால்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு. ஐந்து நிமிட வேலைதான். அயர்ன் 320 டிகிரிக்கு ஏறும், ஈயத்தை வைக்கப் போகும்போது திரை அணையும், லோகோ வரும், மறுபடி முதலிலிருந்து ஏறும். நாலாவது தடவை அணைந்ததும் படகு டிரைவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "மக்கா, இது அயர்னா, மினுக்காம்பூச்சியா?"

அப்போது பைன்சில் வி2 என்ற இந்த அயர்னை வாங்கி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பணத்தைக் கடலில் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து சுவர் பிளக்கில் மாட்டுகிற பழைய 25 வாட் கரண்ட் அயர்னைத் தூசி தட்டி எடுத்து வைத்தேன். காரணம் தெரிந்தது அடுத்த வாரம், வேறொரு படகில். அதைக் கீழே சொல்கிறேன். அதற்குப் பிறகு இந்த இரண்டரை வருடத்தில் இந்த அயர்ன் எத்தனையோ தடவை படுத்திருக்கிறது. ஒருமுறைகூட அயர்னுக்குள் கோளாறு இருந்ததில்லை. பவர் வருகிற வழியில்தான் எங்கோ இருந்தது.

கருங்கல் என்ற ஊரில் எனக்குச் சின்னக் கடை. டிவி, இன்வெர்ட்டர், எல்இடி பல்பு எல்லாம் பார்ப்பேன். ஆனால் வருமானத்தில் பாதி படகுகளில்: ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை முடிய வேண்டும், மேலே தென்மேற்குப் பருவமழை. படகுக்குள் 230 வோல்ட் கிடையாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஈரத் தரையில் இழுத்துக்கொண்டு போவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. பேனா அளவில், பவர் பேங்கில் ஓடுகிற அயர்ன் எனக்கு ஆடம்பரம் இல்லை என்பது இதனால்தான்.

முதலில் ஒரு கணக்கு. இதன் குட்டை பிட்டின் (சூடாகும் முனை) ரெசிஸ்டன்ஸ் 6.2 ஓம். 20 வோல்ட் கொடுத்தால் 3.2 ஆம்பியர் இழுக்கும், கிட்டத்தட்ட 64 வாட். 15 வோல்ட் என்றால் 36 வாட். 9 வோல்ட் என்றால் 13 வாட். வெறும் 5 வோல்ட் என்றால் 4 வாட். 4 வாட்டில் கை சுடும், 60/40 ஈயம் உருகாது. வோல்ட் பாதியானால் சூடு கால்வாசி. "அயர்ன் ஸ்லோ" என்று என்னிடம் யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "திரையில் எத்தனை வோல்ட் காட்டுது?" என்பதுதான். இதில் ஓடும் அயர்ன்ஓஎஸ் மென்பொருளில் விவரத் திரையை ஆன் செய்துவிட்டால் உள்ளே வரும் வோல்ட் எப்போதும் கண்ணில் படும். வாங்கின அன்றே அதைச் செய்துவிடுங்கள். நான் மூன்று மாதம் கழித்துச் செய்தேன்.

வோல்ட் குறைவாகக் காட்டினால் பெரும்பாலும் சார்ஜர். நம் ஊரில் எல்லார் வீட்டிலும் போனோடு வந்த ஒரு சார்ஜர் கிடக்கும், மேலே 67 என்றோ 80 என்றோ வாட் எழுதியிருக்கும். அதை நம்பி மாட்டினால் 5 வோல்ட் வரும், அல்லது 9. அந்தப் பெரிய வாட்டெல்லாம் அந்தப் போனும் அந்தச் சார்ஜரும் தங்களுக்குள் பேசிக்கொள்கிற தனி பாஷையில்தான். அயர்ன் பேசுவது பவர் டெலிவரி, சுருக்கமாகப் பிடி. 5, 9, 15, 20 வோல்ட் என்று படிகள். சார்ஜர் தன்னிடம் இருப்பதைப் பட்டியல் போடும், அயர்ன் ஒன்றைக் கேட்கும், பிறகுதான் வோல்ட் ஏறும். ஆகவே சார்ஜரின் நெற்றியில் உள்ள பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். அடியில் பொடி எழுத்தில் 20 வோல்ட், 3 ஆம்பியர் அல்லது 3.25 ஆம்பியர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கண் தெரியாவிட்டால் போனில் படம் பிடித்துப் பெரிதாக்குங்கள், நான் அப்படித்தான்.

45 வாட் சார்ஜரில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அதிலும் 20 வோல்ட் இருக்கும், ஆனால் 2.25 ஆம்பியர்தான். பிட் கேட்பதோ 3.2. அதனால் அயர்ன் தானாகவே 15 வோல்ட்டுக்கு இறங்கிக்கொள்ளும். இது கோளாறே அல்ல, புத்திசாலித்தனம். வயர், ஐசி, எஸ்எம்டி (போர்டின் மேலேயே ஒட்டும் பொடிப் பாகங்கள்) வேலைக்கு 36 வாட் தாராளம்.

சார்ஜர் சரி, ஆனாலும் 5 வோல்ட்தான் என்றால் கேபிள். ஒரு முனை பழைய சப்பை யூஎஸ்பி, மறு முனை சி என்று இருக்கும் கேபிளில் பிடி பேச்சுவார்த்தைக்கு வழியே இல்லை. சார்ஜர் குயிக் சார்ஜ் என்ற இன்னொரு வேக சார்ஜ் வகையாக இருந்தால் 9 அல்லது 12 வோல்ட் கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டு முனையும் சி ஆக இருக்க வேண்டும். சாதாரண சி கேபிள் 3 ஆம்பியர் வரைக்கும்தான். அதற்கு மேல் போக கேபிளுக்குள்ளேயே இ-மார்க்கர் என்று ஒரு பொடிச் சிப் வேண்டும். 5 ஆம்பியர் கேபிள் என்று விற்பது அதுதான். இதுவரை மூன்று கேபிள் மாற்றியிருக்கிறேன். முதலில் வாங்கிய நைலான் பின்னல் கேபிள் கம்பி மாதிரி விறைப்பு. அயர்னைத் திருப்பினால் கேபிள் கையைத் திருப்பும், அந்த இழுவை முழுக்க போர்ட்டில் விழும். இப்போது வைத்திருப்பது சிலிக்கான் உறை, சூட்டுப் பிட் தவறிப் பட்டாலும் உருகுவதில்லை.

போன தடைக்காலத்தில் வந்த ஒன்று என்னை ரொம்பக் குழப்பியது. காலையில் 20 வோல்ட், சாயா குடித்துவிட்டு வந்து மாட்டினால் 5. அதே சார்ஜர், அதே கேபிள். பிடுங்கி மாட்டினால் சில நேரம் 20, சில நேரம் 5. கடைசியில் கவனித்தேன்: பிளக்கைத் தலைகீழாகத் திருப்பினால் ஒரு பக்கம் எப்போதும் 20, மறுபக்கம் எப்போதும் 5. சி போர்ட்டில் பிடி பேசுவதற்கென்றே சிசி1, சிசி2 என்று இரண்டு பின்கள் உண்டு. பிளக் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கேற்ப ஒன்றில்தான் பேச்சு நடக்கும். லென்ஸை வைத்துப் பார்த்தால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. கடற்காற்றில் இரண்டு வருடம் பையில் திறந்தே கிடந்தால் வேறென்ன நடக்கும்? பவரைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷால் நாலு தடவை தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன், இரண்டு பக்கமும் 20. குண்டூசி மட்டும் வேண்டாம். உள்ளே நடுவில் இருக்கும் நாக்கு உடைந்தால் கதை முடிந்தது. இப்போது போர்ட்டுக்கு ஒரு ரப்பர் மூடி போட்டிருக்கிறேன். பத்து ரூபாய் சமாச்சாரம்.

இனி அந்த மினுக்காம்பூச்சிக் கதை. அடுத்த வாரம் இன்னொரு படகில் அதேபோல் அணைந்து எரிந்தபோது தற்செயலாகப் பவர் பேங்கைத் திரும்பிப் பார்த்தேன். என்னோடு வந்த உதவியாள் பையன் அதன் இரண்டாவது போர்ட்டில் தன் போனை மாட்டி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேபிளில் லூஸ் கான்டாக்ட். போன் அசையும்போதெல்லாம் சார்ஜ் விட்டுவிட்டு ஏறியது. பல போர்ட் உள்ள பவர் பேங்கும் சார்ஜரும் புதிதாக ஒன்று வந்தாலோ போனாலோ பெரும்பாலும் எல்லா போர்ட்டையும் ஒரு கணம் நிறுத்தி, வாட்டைப் புதிதாகப் பங்கு பிரிக்கும். போனுக்குள் பேட்டரி இருப்பதால் அதற்கு அது உறைக்காது. அயர்னுக்கு அந்த ஒரு கணமே மரணம். "ஏன்டே, போன தடவையும் போட்டிருந்தியா?" என்றேன். "ஆமாண்ணே, அண்ணன் ஒண்ணும் சொல்லலியே" என்றான். அவனை என்ன சொல்ல?

பவர் பேங்கில் இன்னொரு குணமும் உண்டு. அயர்ன் ஸ்டாண்டில் ஓய்வில் இருக்கும்போது கரண்ட் மிகக் குறைவாகப் போகும். போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று பவர் பேங்க் நினைத்துத் தானே அணைந்துவிடும். அயர்ன்ஓஎஸ் அமைப்புகளில் பவர் பல்ஸ் என்று ஒன்று இருக்கிறது, இடையிடையே ஒரு சின்ன இழுப்பு கொடுத்து அதை விழித்திருக்க வைக்கும். அதைப் போட்டேன், தீர்ந்தது.

படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே எடுக்கலாமே என்று கேட்பார்கள். இந்த அயர்னில் சி போர்ட்டைத் தவிர உருண்டை டிசி சாக்கெட்டும் உண்டு, 12 முதல் 24 வோல்ட் வரை. 12இல் 23 வாட்தான் கிடைக்கும், மெல்லிய வயருக்குப் போதும். 24 வோல்ட் பேட்டரி உள்ள படகில் மட்டும் ஜாக்கிரதை: இன்ஜின் ஓடும்போது டைனமோ சார்ஜ் ஏற்றி 28ஐத் தொடும். இன்ஜினை அணைக்காமல் மாட்டவே மாட்டேன். சி போர்ட், டிசி சாக்கெட் இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டவும் கூடாது.

பவர் சரி, வோல்ட்டும் 20, ஆனால் சூடு இல்லை, பிட் இல்லை என்று திரை சொல்கிறது: அப்போது பிட்டைப் பாருங்கள். கழுத்திலுள்ள பொடி ஸ்குரூ தளர்ந்து பிட் முன்னால் நகர்ந்திருக்கும். அதிலும் சரியில்லை என்றால் பிட்டின் பின்முனைத் தொடர்புகளுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 6 முதல் 8 ஓம் வர வேண்டும். மீட்டர் ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்டினால் புதுப் பிட்தான்.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் உறுத்தல்தான். இரண்டு பின் சார்ஜரில் போட்டால் அயர்னின் உலோகத்தில் லேசாகக் குறுகுறுக்கும். ஈரக் காலோடு நின்றால் நன்றாகவே தெரியும். சார்ஜருக்குள் இருக்கும் ஒரு கெப்பாசிட்டர் வழியாகக் கசிவது அது. ஆளுக்கு ஆபத்தான அளவு கரண்ட் இல்லை, ஆனால் ஜிபிஎஸ் போர்டில் உள்ள ஐசிக்கு அது பிடிக்காது. கடையில் மூன்று பின் லேப்டாப் சார்ஜர் வைத்து, அயர்னின் எர்த் ஸ்குரூவில் வயர் மாட்டி எர்த்தில் கொடுத்துவிட்டேன். பவர் பேங்கில் இந்தத் தொல்லை இல்லை.

எல்லா வேலைக்கும் இது ஆகாது. வயர்லெஸ் செட்டின் ஆன்டெனா கேபிளுக்கு பிஎல்259 கனெக்டர் அடிக்கும்போது உருண்டைப் பித்தளை முழுச் சூட்டையும் குடித்துவிடும். 64 வாட் இருந்தாலும் இந்தக் குட்டிப் பிட்டில் அவ்வளவு சூடு தேங்காது. அதற்கு இன்றும் பெரிய கரண்ட் அயர்ன்தான். மற்றபடி நூற்றுக்குத் தொண்ணூறு வேலை இதில்தான். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் கடையில் வேலை நிற்பதில்லை.

அந்த டிரைவர் இப்போதும் கூப்பிடுவார். பவர் பேங்கின் இரண்டாவது போர்ட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். உதவியாள் பையனிடம் இப்போது சொந்தமாக ஒரு பவர் பேங்க் இருக்கிறது. ஆனால் போன வாரம் எக்கோ சவுண்டரைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் டேப் பாதி பிரிந்திருந்தது, டிரைவரின் போன் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. "ஒரு அஞ்சு சதவீதம்தான் மக்கா," என்றார்.