இடப்பக்க பேடிலைத் தட்டிப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். 34 லட்சம் ரூபாய் கொடுத்து நான் ஏமாந்திருக்கிறேன். ஏமாற்றம் வெளியே வந்தது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன சுவிட்சால்.

வண்டி 2017 மாடல், இரண்டு கதவு, ஏழு கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். சென்னையில் பழைய சொகுசு கார்கள் விற்கும் ஒரு ஷோரூமில் வாங்கினேன். எனக்கு அந்த வண்டியில் ஆசை வந்ததே பேடில் ஷிஃப்டருக்காகத்தான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் சின்னத் தகடுகள் அவை: வலது பக்கத்தை இழுத்தால் கியர் ஏறும், இடது பக்கத்தை இழுத்தால் இறங்கும். 1989 பிரேசில் பந்தயத்தில் நைஜல் மான்செல் ஃபெராரி 640-ஐ ஓட்டி ஜெயித்தபோதுதான் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் இப்படிக் கியர் மாற்றும் வண்டி முதல்முதலாக வென்றது. கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமலே கியர் மாற்றலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். 1997-ல் அதே ஃபெராரி, எஃப்355 மூலம் அதைச் சாலைக்குக் கொண்டுவந்தது. கோயம்புத்தூரில் வளர்ந்தவனுக்கு இந்தப் பைத்தியம் கொஞ்சம் கூடவே இருக்கும். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் ஊர் இது.

டெஸ்ட் டிரைவ் ஈ.சி.ஆரில். நான் போனபோது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. ஷோரூம் பையன் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டிவிட்டு எனக்குக் கொடுத்தான். வலது பேடிலை இழுத்தேன். "டிக்" என்று ஒரு சத்தம், மீட்டரில் 3 என்பது 4 ஆனது. மனசு குளிர்ந்துபோனது. இடது பேடிலை இழுத்தேன். சத்தம் இல்லை. கியரும் 4-லேயே நின்றது.

"தம்பி, இது இறங்கலையே?"

"ஸ்பீடு அதிகமா இருக்கு சார். இன்ஜினுக்கு அடி படும்னு கம்ப்யூட்டரே விடாது. ஸ்போர்ட் மோடில் போட்டா சூப்பரா இறங்கும்."

இந்தப் பதில்தான் என்னைக் கவிழ்த்தது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. பேடில் நேராக கியரை மாற்றுவதில்லை. அது ஒரு மின் சுவிட்ச், அவ்வளவுதான். "ஒரு கியர் இறக்கு" என்று கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இறக்கினால் இன்ஜின் சுற்றும் வேகம் (ஆர்.பி.எம்.) மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தாண்டும் என்றால் கம்ப்யூட்டர் மறுத்துவிடும். ஆனால் நான் போனது நாலாவது கியரில் 50 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் மூன்றுக்கு இறங்க எந்தக் கம்ப்யூட்டரும் மறுக்காது. அந்த நேரத்தில் எனக்கு இது தோன்றவில்லை. முன்னால் லாரி, பக்கத்தில் பையன் பேசிக்கொண்டே வருகிறான், கண் முழுக்க வண்டியின் மேல். ஸ்போர்ட் மோடில் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. அன்று மாலையே முன்பணம் கட்டினேன்.

மூன்று வாரம் ஊருக்குள்ளேயும் அவிநாசி சாலையிலும் ஓட்டினேன். சமதளத்தில் இடது பேடிலுக்குப் பெரிதாக வேலை இல்லை. வேகம் குறைந்தால் வண்டியே கியரை இறக்கிக்கொள்ளும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு ஊட்டி போய்விட்டு, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினோம். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குன்னூரிலிருந்து கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். இரண்டாவது கியரில் செல்லவும் என்று வழியெல்லாம் போர்டு வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. கீழ் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். மேல் கியரில் விட்டால் வண்டி தானாக உருளும், முழுச் சுமையும் பிரேக் மேல் விழும், பிரேக் பேட் சூடேறும். இன்னும் விட்டால் பிரேக் ஆயில் கொதித்து பெடல் மெத்தென்று உள்ளே போகும்.

நான் இடது பேடிலைத் தட்டினேன். மீட்டரில் 4. திரும்பத் தட்டினேன். 4. வேகம் முப்பதுதான். முன்னால் ஒரு அரசுப் பேருந்து திரும்புகிறது.

"என்னங்க, ஏதோ கருகுற வாசம் வருதுங்க" என்றாள்.

பிரேக் பேட் வாசம். வளைவில் ஒரு கையை எடுத்து, கியர் லிவரை மேனுவல் பக்கம் தள்ளி மைனஸில் தட்டினேன். உடனே 3, அப்புறம் 2. இன்ஜின் உறுமியது, வண்டி அடங்கியது. பர்லியாரில் பழக்கடைகள் பக்கம் ஓரங்கட்டி அரை மணி நேரம் நிறுத்தினேன். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போனாலே அனல் அடித்தது. மனைவி ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

லிவரில் இறங்குகிறது, பேடிலில் இறங்கவில்லை. அப்படியென்றால் கியர்பாக்ஸ் நன்றாகவே இருக்கிறது, கோளாறு ஸ்டீயரிங் பக்கம். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னதும் அவரும் அதையேதான் சொன்னார். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் மூடியைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க வாங்க சார். இதைப் பாருங்க."

மூடிக்குப் பின்னால் ஏர்பேக் இல்லை. வெறும் பிளாஸ்டிக். ஏர்பேக் ஒயர் வந்து சேரும் கனெக்டரில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். அது இருக்கும் வரை, ஏர்பேக் இருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். சாவி போட்டதும் எச்சரிக்கை விளக்கு எரிந்து, சில நொடியில் ஒழுங்காக அணையும். மூன்று வாரமாக அந்த விளக்கு அணைவதைப் பார்த்து நான் நிம்மதியாக ஓட்டியிருக்கிறேன்.

மற்றதெல்லாம் பிறகு புரிந்தது. வண்டி எங்கேயோ பலமாக மோதி ஏர்பேக் வெடித்திருக்கிறது. வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஸ்டீயரிங்கை மாட்டியிருக்கிறார்கள். அதில் இடது பேடிலின் சுவிட்ச் உடைந்தது. உடைந்தது தெரியாமலிருக்க, இரண்டு பேடில் மேலும் பளபளவென்று அலுமினியத் தகடு ஒட்டியிருந்தார்கள். அழகுக்காக ஒட்டியது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்ட தகடு அது.

ஷோரூமுக்குப் போன் செய்தால், "நாங்க வாங்கினப்பவே அப்படித்தான் சார் இருந்திருக்கும், நீங்க பார்த்துத்தானே எடுத்தீங்க" என்கிறார்கள். விளம்பரத்தில் விபத்தில்லாத வண்டி என்று எழுதியிருந்ததைக் காட்டினால், மேனேஜர் லைனில் இல்லை.

தயவுசெய்து நான் செய்யாமல் விட்டதை நீங்கள் செய்யுங்கள். வண்டியை இன்ஜின் ஆறியிருக்கும்போது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். மேனுவல் மோடில் போட்டு, நாற்பது ஐம்பது வேகத்தில் இடது பேடிலை நாலைந்து முறை இழுங்கள், ஒவ்வொரு முறையும் மீட்டரில் எண் மாறுகிறதா பாருங்கள். இரண்டு பக்கமும் விரலுக்கு ஒரே மாதிரி "டிக்" கிடைக்க வேண்டும். லிவரில் இறங்கி பேடிலில் இறங்காவிட்டால், பேச்சை நிறுத்திவிட்டு உங்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்டீயரிங் மூடியைப் பிரித்துப் பார்க்க அனுபவசாலிக்கு ரொம்ப நேரம் ஆகாது. பிரிக்க விடமாட்டோம் என்று விற்பவர் சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பழைய உரிமையாளரின் இன்சூரன்ஸ் பாலிசியையும் கேளுங்கள். கிளெய்ம் எடுக்காத உரிமையாளருக்கு நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போய் 50 சதவீதம் வரை வரும். பல வருஷம் ஒரே ஆளிடம் இருந்த வண்டியில் அது பூஜ்யம் என்றால் ஏன் என்று விசாரிக்க வேண்டும். என் வண்டியின் பழைய பாலிசியில் பூஜ்யம்தான் இருந்தது. வாங்கிய பிறகு அந்தக் காகிதத்தைப் பார்த்தேன்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், வக்கீல் நோட்டீஸும் போயிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அதனால் கோவை மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்யப் போகிறோம். ரெசிஸ்டரையும் உடைந்த சுவிட்சையும் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, கவரில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார் மெக்கானிக் அண்ணன். புது ஏர்பேக் வந்து சேரும் வரை வண்டியை வெளியே எடுக்கப் போவதில்லை. சாவி மனைவியிடம் இருக்கிறது.