மாலேகாவ் பிக்கு சவுக் அருகே ஒரு தேநீர்க்கடை

மகாராஷ்டிரத்தின் மாலேகாவுக்குக் காடா துணி பார்க்கப் போகிற ஈரோட்டு வியாபாரிகள் பெரும்பாலும் ஆக்ரா நெடுஞ்சாலை ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள், பிக்கு சவுக் என்கிற நாற்சந்திப் பக்கம், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு தேநீர்க்கடைக்கு நான் வழக்கமாகப் போகிறேன். இஞ்சி தட்டிப் போட்டுச் சுண்டக் காய்ச்சிய கெட்டித் தேநீர்; தொட்டுக்கொள்ள, அன்றன்று சுட்ட, காரி என்கிற உப்பு பிஸ்கட். இரவு ஷிப்ட் முடிந்து வரும் விசைத்தறித் தொழிலாளிகளுக்காக விடியுமுன்பே அடுப்பு எரிகிறது. பெஞ்சுகள் ஆடுகின்றன. கண்ணாடித் தம்ளர்களை இன்னும் நன்றாகக் கழுவலாம்.

கடைக்கார பாய் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். 2008 செப்டம்பர் 29, ரம்ஜான் மாத இரவு, இந்தச் சவுக்கில் குண்டு வெடித்தபோது முழங்காலுக்கு மேல் இரும்புத் துண்டு பாய்ந்தது. அன்று ஆறு பேர் இறந்தார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2006 செப்டம்பர் 8, இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் ஷப்-ஏ-பராத் நாள், வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் படா கப்ரஸ்தான் என்கிற அடக்கத்தலத்திலும் முஷாவரத் சவுக்கிலும் குண்டுகள் வெடித்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் பலி. முன்னோரின் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்களிடம் தர்மம் வாங்கக் காத்திருந்த ஏழைகளும் அவர்களில் இருந்தார்கள். அந்த வழக்கில் ஒன்பது முஸ்லிம்களைக் கைது செய்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வைத்தார்கள். பிறகு தேசியப் புலனாய்வு முகமை வேறு ஆட்கள் மீது, இந்துத்துவத் தீவிரவாதிகள் என்று சொல்லி, குற்றப்பத்திரிகை போட்டது. முதலில் பிடிபட்டவர்களை நீதிமன்றம் விடுவித்தது 2016-இல். அதற்குள் ஒருவர் இறந்தே போனார்.

2008 வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஏழு பேரும் 2025 ஜூலை 31 அன்று விடுதலை. குண்டு வெடித்தது உண்மை, அது அரசுத் தரப்பு சொன்ன மோட்டார் சைக்கிளில்தான் வைக்கப்பட்டது என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது சிறப்பு நீதிமன்றம். காயம்பட்டவர்களுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

"அண்ணா, அவர்களும் வைக்கவில்லை, இவர்களும் வைக்கவில்லை என்றால், எங்கள் தெருவுக்குக் குண்டு எப்படி வந்தது?" என்று பாய் இந்தியில் என்னைக் கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் உருது நாளிதழைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நூல் விலை பேச வந்த எனக்குப் பதில் வரவில்லை. பதினேழு ஆண்டுகள் விசாரித்தவர்கள் அல்லவா சொல்ல வேண்டும்? இறந்தவர்களின் குடும்பங்கள் மும்பை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருக்கின்றன. இவ்வளவு காலம் கழித்தும் வழக்குக்கு அலைகிற அவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

தேநீருக்காக மட்டுமே போனாலும் ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். குறைந்த அரை தம்ளருக்கு. பாய் பேச ஆரம்பித்தால் நேரமாகும், அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை தறிகளுக்கு விடுமுறை என்பதால் உட்கார இடம் கிடைக்காது. ரயிலில் போகிறவர்கள் மன்மாட்டில் இறங்கி பஸ் பிடிக்கலாம். சில்லறையாகக் கொண்டு போங்கள்.