ரீப்பரும் ஆடாசிட்டியும்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

கணினியில் இசைப்பதிவு செய்யத் தொடங்கும் எவரும் முதலில் கேட்பது, எந்த மென்பொருளில் ஒலி நன்றாக வரும் என்பதைத்தான். ஆடாசிட்டியையும் ரீப்பரையும் பல ஆண்டுகளாகக் குரல்பதிவுக்கும் கருவியிசைக்கும் பயன்படுத்தி, இடையிடையே எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், ஆர்டர் (Ardour) ஆகிய மென்பொருள்களிலும் வேலை செய்து பார்த்தவன் என்ற முறையில், அந்தக் கேள்வியை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடலாம் என்பேன். ஐயமுள்ளவர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரே டிராக்குகளை (தனித்தனியாகப் பதிவான குரல், கருவி அடுக்குகளை) இரண்டு மென்பொருள்களில் எந்த எஃபெக்டும் (எதிரொலி போன்ற ஒலிமாற்றம்) இல்லாமல் ஒரே அளவில் வைத்து, இரண்டிலிருந்தும் வேவ் என்னும் சுருக்கப்படாத ஒலிக்கோப்பு எடுத்து, அவற்றுள் ஒன்றின் அலைவடிவத்தைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்து ஒலிக்கவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு காதில் எதுவும் விழாது. ஏதாவது மிஞ்சினால், பெரும்பாலும் அதற்குக் காரணம், ஒலியை இடம், வலம், நடு என நிறுத்தும்போது அதன் அளவை முடிவுசெய்யும் பேன் லா என்னும் அமைப்பாக இருக்கும். நடுவில் வைத்த மோனோ டிராக்கை ஒரு மென்பொருள் 3 டெசிபெல் குறைத்துத் தரும், இன்னொன்று அப்படியே விட்டுவிடும். ‘இதில் குரல் கனமாக ஒலிக்கிறது’ என்று பலர் சொல்வதன் பின்னணியில் இந்தச் சிறு வேறுபாடுதான் இருக்கிறது என்பதை அறிந்த பிறகு, தேர்வு எளிதாகிவிடுகிறது. பார்க்க வேண்டியவை இரண்டே: எடிட்டிங்கில் கை எவ்வளவு தடையின்றி ஓடுகிறது என்பதும், இன்று செய்த வேலை சில ஆண்டுகள் கழித்துத் திறக்குமா என்பதும்.

எடிட்டிங்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் நேரத்தின் பெரும்பகுதி அதில்தான் கழிகிறது. ஒரு வரியை இரண்டு முறை பாடி, முதல் முறையில் தொடக்கமும் இரண்டாவதில் முடிவும் நன்றாக அமைந்திருந்தால், இரண்டையும் ஒட்ட வேண்டும். உயிரெழுத்து நீளும் இடத்தில் வெட்டினால் குரலின் நிறம் மாறுவது காதுக்குத் தெரிந்துவிடும். மாறாக, ‘பக்கம்’, ‘பட்டம்’, ‘சத்தம்’ போன்ற சொற்களில் இரட்டித்து வரும் வல்லினத்தில் காற்று அடைபட்டு ஒரு கணம் ஒலியே நின்றுவிடுகிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே ஏறக்குறைய நேர்கோடு தெரியும். அந்த இடத்தில் ஒட்டினால் கூர்ந்து கேட்பவருக்கும் பிடிபடாது. ரீப்பரில் கர்சரை அங்கே வைத்து எஸ் விசையை அழுத்தினால் துண்டு பிரிந்துவிடும். அடுத்த துண்டின் ஓரத்தை முந்தைய துண்டின் மேல் சற்றுப் படியுமாறு இழுத்தால், ஒன்று தேய இன்னொன்று வளரும் க்ராஸ்ஃபேட் தானாகவே அமையும். ஒட்டிய இடம் பிடிக்கவில்லையென்றால் ஓரத்தை மீண்டும் இழுத்து வேறிடத்துக்கு நகர்த்தலாம். மூலப்பதிவுக்கு எதுவும் நேர்வதில்லை, ஏனெனில் அந்தத் துண்டுகள் எல்லாம் வட்டில் இருக்கும் கோப்பின் இன்ன பகுதியை ஒலிக்கவிடு என்னும் குறிப்புகள் மட்டுமே.

ஆடாசிட்டியின் மரபு வேறு. 1999இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டு, கட்டற்ற மென்பொருளாக வளர்ந்த அது, அடிப்படையில் ஒலியைத் திருத்தும் கருவி. எஃபெக்டைப் போட்டால் அது ஒலியிலேயே பதிந்துவிடும் என்பதுதான் நெடுங்காலம் அதன் இயல்பாக இருந்தது. ஒலிக்கும்போதே எஃபெக்டை மாற்றிப் பார்க்கும் வசதி 2022இல் 3.2 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 3.0 பதிப்பில், நூற்றுக்கணக்கான சிறு துண்டுகள் நிறைந்த கோப்புறைக்குப் பதிலாக ஒரே ப்ராஜெக்ட் கோப்பு என்ற மாற்றம் வந்தபோது, கோப்புறையை விட்டுவிட்டு ப்ராஜெக்டை மட்டும் நகலெடுத்துச் சென்று தவிக்கும் தொல்லை ஒழிந்தது. ஒற்றைப் பதிவைச் சுத்தம் செய்வதற்கு இன்றும் நான் ஆடாசிட்டியையே திறக்கிறேன். பாட்டு தொடங்கும் முன் உள்ள சில நொடி இரைச்சலை மாதிரியாகக் காட்டி, மின்விசிறி ஓசையைக் குறைப்பதும், இஸட் விசையை அழுத்தித் தேர்வின் ஓரங்களை அலை சுழியத்தைக் கடக்கும் இடத்துக்கு நகர்த்திவிட்டு ‘டிக்’ ஓசை இல்லாமல் வெட்டுவதும் அதில் சில நொடி வேலைதான். இரைச்சல் நீக்கத்தை மட்டும் அளவோடு செய்ய வேண்டும். கூடிவிட்டால் குரல் நீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பல டிராக்குகளை அடுக்கி நாள்கணக்கில் திருத்தும் வேலைக்கு ஆடாசிட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தாளத்திலிருந்து பாட்டைக் கட்டுபவர்களின் தேவை முற்றிலும் வேறானது. 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் தாளக் கட்டங்களை நிரப்பும் சிறு நிரலாக வெளிவந்த எஃப்எல் ஸ்டுடியோ இன்றும் அந்த வேலையில் மிக விரைவானது; ஒரு முறை வாங்கியவருக்கு அடுத்தடுத்த பதிப்புகளைக் கட்டணமின்றித் தரும் அதன் கொள்கையும் நீண்ட காலப் பயன்பாட்டில் பெரிய ஆறுதல். 2001இல் வெளிவந்த ஏபிள்டன் லைவ், துண்டுகளை எந்த வரிசையிலும் இயக்கிப் பார்த்து, அதிலிருந்து பாட்டின் அமைப்பைக் கண்டடைய உதவுகிறது. மேடையில் கணினியோடு இசைப்பவர்கள் அதை விரும்புவதில் வியப்பில்லை. தாளக்கட்டு இல்லாமல் விரிந்து செல்லும் பாடலை மட்டும் இவற்றில் பதிவு செய்வது எனக்கு ஒத்துவரவில்லை. திரை முழுதும் கட்டங்களாகவே நிற்பதால், இல்லாத தாளத்தோடு கண் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ரீப்பரும் நிமிடத்துக்கு 120 தாள அடி என்ற கணக்கில்தான் திறக்கிறது. ஆனால் கட்டங்களையும் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும் ஸ்னாப் வசதியையும் அணைத்து, டிராக்குகளின் கணக்கை அடியிலிருந்து நொடிக்கு மாற்றிவிட்டால், பிறகு அது குறுக்கே வருவதில்லை.

பாடும்போது தன் குரல் தாமதமாகக் கேட்பதற்கு மென்பொருளைப் பலர் குறைகூறுகிறார்கள். பெரும்பாலும் அது பஃபர் அளவையும் (கணினி ஒரு முறைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) டிரைவரையும் (ஒலிக்கருவியைக் கணினியோடு இணைக்கும் நிரல்) பொறுத்த செய்தி. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் வேகத்தில் பஃபர் 1024 என்று இருந்தால் ஒரு திசைக்கே 23 மில்லிநொடி தாமதமாகும். 128 என்றால் 3 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். பதிவின்போது குறைத்தும், டிராக்குகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங்கின்போது கூட்டியும் வைத்துக்கொள்வதே வழக்கம். விண்டோஸில், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) அந்த டிரைவரை ஏற்கும் மென்பொருளும் இருந்தால், இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பழைய வேலை திறப்பது பற்றித்தான் தொடக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை. மென்பொருள் நிலைத்திருந்தாலும், அதனுள் ஏற்றிய பிளக்-இன்கள் என்னும் துணை நிரல்கள் நிலைப்பதில்லை. மேக் கணினிகள் 2019இல் கேட்டலீனா என்னும் இயங்குதளப் பதிப்போடு 32-பிட் நிரல்களை அடியோடு கைவிட்டபோது, புதுப்பிக்கப்படாத பிளக்-இன்கள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. நான் விரும்பிப் பயன்படுத்திய ஒரு ரிவெர்பை (அறையின் எதிரொலியைச் சேர்க்கும் பிளக்-இன்) செய்த சிறு நிறுவனம் தன் உரிமச் சர்வரை மூடிவிட்டதால், புதிய கணினியில் அதை மீண்டும் இயக்கவே முடியவில்லை. ப்ராஜெக்ட் திறந்தது, பிளக்-இன் இருந்த இடத்தில் அதன் பெயர் மட்டும் நின்றது, பாட்டு வறண்டு ஒலித்தது. மென்பொருளுக்கே இப்படி நேர்வதும் உண்டு. சோனார் என்னும் புகழ்பெற்ற மென்பொருளின் மேம்பாட்டை கிப்சன் நிறுவனம் 2017இல் நிறுத்தியது. மறு ஆண்டு பேண்ட்லேப் நிறுவனம் அதை வாங்கி உயிர்ப்பித்திருக்காவிட்டால், அதன் பயனர்கள் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

இந்த வகையில் ரீப்பர் மீது எனக்கு மதிப்பு கூடியதற்கு ஒரு காரணம், அதன் ப்ராஜெக்ட் கோப்பு வெறும் உரைக்கோப்பாக இருப்பது. நோட்பேடில் திறந்தால், எந்த டிராக்கில் எந்த ஒலிக்கோப்பு எந்த நொடியில் தொடங்குகிறது என்பதை வரிவரியாகப் படிக்கலாம். கோப்புறையின் பெயர் மாறி, ஒலிக்கோப்புகள் கிடைக்காமல் போகும்போது, பழைய பாதையைத் தேடிப் புதியதாக மாற்றிச் சேமித்தால் போதும். அப்படியிருந்தும், ஒரு பாட்டு முடிந்ததும் நான் அதை மட்டும் நம்பியிருப்பதில்லை. ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும் வேவ் கோப்பாக, எஃபெக்டோடு ஒரு தொகுப்பும் எஃபெக்ட் இல்லாமல் ஒரு தொகுப்புமாக எடுத்து, சுரங்களைக் குறிப்புகளாகச் சேமிக்கும் மிடி கோப்பையும் தாள வேகத்தையும் கூடவே வைத்துவிடுகிறேன். நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்ற அளவில் ஒரு மோனோ டிராக்குக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி ஆகும். பத்து டிராக்குகள் உள்ள ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஒரு தொகுப்பு 432 எம்பிதான். 1983இல் வந்த மிடி இன்றும் ஏறக்குறைய எல்லா இசை மென்பொருளிலும் திறக்கிறது, வேவும் அப்படியே.

ரீப்பரின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். வினாம்ப் என்னும் பாட்டு கேட்கும் நிரலை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கலின் கைவண்ணமான இது, தன்னோடு கருவி ஒலிகள் எதையும் பெரிதாகக் கொண்டுவருவதில்லை. பியானோவோ வயலின் குழுவோ வேண்டுமென்றால், வெளியிலிருந்து பிளக்-இன் தேடித்தான் ஆக வேண்டும். மெனுக்கள் காடாகக் கிடக்கின்றன. வேண்டிய ஷார்ட்கட்களையும் கருவிப்பட்டைகளையும் அவரவர் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளும்வரை அது எரிச்சலூட்டும். அமைத்துக்கொண்ட பிறகு வேறொன்றுக்கு மாற மனம் வராது. மிடியில் சுரங்களை எழுதுவதே முதன்மை வேலையாக உள்ளவர்களுக்கு, அதன் மிடி எடிட்டர் கியூபேஸ் என்னும் மென்பொருளினது அளவுக்கு இதமாக இராது. மேக் வைத்திருப்பவர்கள் கணினியோடு வரும் கராஜ்பேண்டில் தொடங்கினால், அந்த ப்ராஜெக்டுகளைப் பின்னர் அப்படியே ஆப்பிளின் பெரிய மென்பொருளான லாஜிக் ப்ரோவில் திறக்கலாம். லினக்ஸில் ஆர்டர் நம்பகமானது, ரீப்பரும் அங்கே இயங்குகிறது.

சோதனைக் காலத்தை எப்படித் தருகிறார்கள் என்பதும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. ரீப்பர் எந்த வசதியையும் பூட்டாமல் 60 நாள்கள் தருகிறது. எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் ப்ராஜெக்டைச் சேமிக்கலாம், ஆனால் வாங்கும்வரை அதை மீண்டும் திறக்க முடியாது. எனவே அதில் தொடங்கிய வேலையின் டிராக்குகளை, சாளரத்தை மூடும் முன்பே வேவாக எடுத்துவிட வேண்டும். எதைச் சோதித்தாலும், அதோடு வரும் மாதிரிப் பாட்டைத் திறந்து வியப்பதைவிட, சொந்தப் பதிவொன்றைக் கொண்டுபோய் இரண்டு டேக்குகளை (ஒரே வரியை இரண்டு முறை பாடிய பதிவுகளை) ஒட்டிப் பார்ப்பதும், அந்த ப்ராஜெக்டை இன்னொரு கணினிக்கு நகலெடுத்துத் திறந்து பார்ப்பதும் பயனுள்ளவை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மாலைப்பொழுது போதும்.